அம்மாவின் பின்னால் விழுந்த அருவி

1

என் அம்மாவின் பின்னால் ஒருநாளும் அருவி விழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். நீர்வேலியில் பிறந்து, நீர்வேலியில் வாழைக்குத் தண்ணீர் கட்டி, நீர்வேலியிலேயே செத்துப்போனவர் அவர். குடாநாட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறுதான். ஆனால் அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு அண்ணை அச்சடித்த கல்வெட்டின் அட்டையில் அவருக்குப் பின்னால் ஓர் அருவி சோவென்று கொட்டுகிறது. முன்னால் இரண்டு தாமரை வேறு.

கல்வெட்டு என்பது செத்தவருக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம், உங்களுக்குத் தெரிந்ததுதான். தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் பந்தல்காரன் வரைக்கும் நன்றி. நோர்வேயில் இருக்கிற எனக்கு அது தொலைபேசியில் வந்தது. காலமை பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். செத்தவீட்டையும் அப்படித்தான் பார்த்தேன், நேரலையில், பதினைந்து நிமிடம். நான் வரும்வரை வைத்திருக்க ஏலாது, வெயில் என்று அண்ணை சொல்லிவிட்டார்.

அட்டையில் இருந்த மனிசியை முதலில் எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது நான் எடுத்த படம். நான் எடுத்ததில் அம்மா என்னுடைய நீலக் குளிர்கோட்டோடு நிற்பார். மயிர் பறக்கும், ஒரு கை நீண்டிருக்கும், வாய் நன்றாகத் திறந்திருக்கும். இதில் கோட்டைக் கழற்றி அரக்குச் சேலை உடுத்தியிருந்தார்கள். மயிரைப் படிய வாரியிருந்தார்கள். கையை வெட்டியிருந்தார்கள். வாயை மூடிவிட்டார்கள். கீழே, "சாந்தமே வடிவான எங்கள் அன்னை" என்று எழுதியிருந்தது. அட கடவுளே, அம்மாவும் சாந்தமும்! ஒரு நிமிடம் சிரித்தேன். பிறகு வந்த ஆத்திரத்தில் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, உது ஆற்றை படம்?"

"அம்மாவின்ரை. நீ அனுப்பினதுதான்."

"நான் அனுப்பினதிலை வாய் திறந்திருந்தது."

"அதைத்தான் மூடச் சொன்னனான். ஏசுற வாயோடை ஆரும் கல்வெட்டு அடிப்பினமே? சனம் என்ன சொல்லும்?"

அண்ணை ஓய்வுபெற்ற அதிபர். சனம் என்ன சொல்லும் என்பதை எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறார். சனம் ஒருநாளாவது அவருக்குப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியாது.

அட்டைப் படத்தை மகளுக்கு அனுப்பினேன். அவள் தெற்கே ஒரு நகரத்தில் படிக்கிறாள். தமிழில் எழுதச் சொன்னால் இதயம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிற பிள்ளை. அன்றைக்கு நோர்வேஜிய மொழியில் ஒரே வரியில் பதில் வந்தது: "இது யார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் பத்து வருடத்தில் இந்த அருவிக்காரிதான் என் அம்மாவாக இருக்கப்போகிறார். சுவரில் தொங்குவதுதானே கடைசியில் மிஞ்சுகிறது. அதை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆண்டுத் திவசத்துக்குப் போகும்போது என் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய், அந்த வீட்டுச் சுவரில் நானே மாட்டுவது என்று.

2

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கதைக்க வாய் இல்லை. நாட்டை விட்டு வர முதல் மூன்று வருடம் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் நான் செய்த வேலையும் இதேதான். பின்சுவரில் பனிமலை, நீல ஏரி, ஏரிக்கரையில் ஒரு மான். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. கரவெட்டியிலிருந்தும் அரியாலையிலிருந்தும் கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வந்த அத்தனை பெடியன்களும் போட்டது அந்த ஒரு கோட்டைத்தான். முதுகில் கிழிசல், குண்டூசி குத்திச் சமாளிப்போம். "வாயை மூடுங்கோ. நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ. மூச்சு விடாதேங்கோ." எத்தனை பேரை நான் அப்படி மூச்சடக்க வைத்திருப்பேன்!

பிறகு விதி என்னைப் பிடித்து அந்தச் சுவர்ப் படத்துக்குள்ளேயே தள்ளிவிட்டது. நோர்வேயின் வடக்குக் கரை. வந்து பார்த்தால் பனியும் மானும் மட்டும்தான் உண்மை. மற்றதெல்லாம் பச்சைப் பொய். பெயருக்கு ஒரு மரம் இல்லை. கறுத்த பாறை, பாசி, மீன் காயவைக்கும் வெறும் மரச்சட்டங்கள், நிற்காத காற்று. இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. பிறகு இரண்டு மாதம் போகவே போகாது. கமராக்காரனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு வேண்டாம்.

கிழமை நாட்களில் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். சனி ஞாயிறுகளில் கலியாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடும் படம் எடுத்தேன். சோடிகளைக் காரில் ஏற்றி நாலு மணித்தியாலம் தெற்கே ஓர் அருவிக்குக் கொண்டுபோவேன். அந்த அருவிக்கு முன்னால் நான் நிறுத்தாத தமிழ்ச் சோடி இந்த வட்டாரத்தில் இல்லை. ஓம், அருவிதான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

நான் இருந்த ஊரைப் பதினெட்டு வருடத்தில் ஒரு படம் எடுக்கவில்லை. அது என்னை முறைத்தது, நான் அதை முறைத்தேன். மொழியும் அப்படித்தான் வந்தது. மீன் வெட்டும் மேசையில் பக்கத்தில் நின்ற கிழவர்களிடம் படித்தேன். அந்தக் கரையில் காற்றைத் தூஷணத்தால் திட்டாமல் ஒரு வசனம் ஆரம்பிக்காது. எது நல்ல சொல், எது கெட்ட சொல் என்று எனக்கு ஆர் சொல்லித்தந்தார்கள்? பிரசாவுரிமை நேர்முகத்தில் காலநிலை பிடித்திருக்கிறதா என்று ஓர் அம்மணி மரியாதையாகக் கேட்டார். நானும் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார்.

3

எனக்கும் அம்மாவுக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. அண்ணை படித்தவர், நான் கமராவோடு திரிந்தவன். போனில் ஐந்து நிமிடம் கதைத்தால் நாலு நிமிடம் ஏச்சு. இருந்தும் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று விசாவுக்குப் போட்டேன். மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய பிணைப்பு ஊரில் இல்லையாம்.

பிணைப்பா? அம்மாவுக்கு ஊரில் இருந்த பிணைப்பு அவர்களுடைய படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. அது பக்கத்து வளவுப் பராசத்தி மாமி. இரண்டு வளவுக்கும் நடுவே கிளுவைக் கதியால், நட்டால் துளிர்க்கிற கம்பு, வரிசையாகப் போட்ட வேலி. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கிறபோது மாமி கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டதாக அம்மா சொல்லுவார். அம்மாதான் தள்ளியதாக மாமி சொல்லுவார். எனக்கு மீசை முளைக்க முந்தித் தொடங்கிய சண்டை. இரண்டு பேருக்கும் நரைத்த பிறகு மத்தியஸ்த சபை வரைக்கும் போனது. அம்மாவின் சாட்சி அண்ணை. வேலிக்கு ஓணான் சாட்சி என்று மாமி சபையிலேயே சொல்ல, அண்ணை ஒரு கிழமை வெளியே தலைகாட்டவில்லை.

ஏன் திரும்பிப் போவீர்கள் என்ற கேள்விக்கு அம்மாவின் பதிலை அவர் சொன்னபடியே மொழிபெயர்த்து விசாக் கந்தோருக்கு அனுப்பினேன்: "நான் ஏன் உங்கை கிடக்கப் போறன்? நான் இல்லாத நேரம் பாத்து உவள் கதியாலை இழுத்து நட்டிட்டாள் எண்டால் ஆர் கேக்கிறது?" கூடவே மத்தியஸ்த சபை அடுத்த தவணைக்கு அனுப்பிய கடிதத்தையும் வைத்தேன். விசா வந்தது. தவணைக்கு ஒரு கிழமை முந்தி முடிகிற மாதிரி, கணக்காக நாள் போட்டு.

4

அம்மா வந்தது ஒக்ரோபரில். ஒரு கிழமை வீட்டுக்குள்ளேயே யன்னலோடு இருந்தார். எட்டாம் நாள் அவருக்கு என் கோட்டைப் போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது. கமராவும் கொண்டுபோனேன். ஊரில் காட்ட அம்மாவுக்கு ஒரு படம் வேண்டும் என்றுதான், வேறொன்றுமில்லை.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அரை மணித்தியாலம் அலைந்தேன். வெளிச்சம் சரியில்லை, பின்னணி சரியில்லை என்று முணுமுணுத்தேன்.

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றார் அம்மா. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "இது ஆற்றை காணி?"

"ஒருத்தற்றையும் இல்லை அம்மா."

"ஒருத்தற்றையும் இல்லாத காணி எண்டு ஒண்டு இருக்கே? வேலி எங்கை?"

"இஞ்சை வேலி இல்லை."

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு மொத்து மொத்தி அம்மாவின் தலைத்துணியைக் கழற்றிக் கடலில் போட்டது. பிடித்தாரே ஒரு பிடி!

"மூதேசி! ஆற்றை வளவுக்கை நிண்டு ஆரிலை கை வைக்கிறாய்? உது வரைக்கும் உன்ரை, இஞ்சாலை கால் வைச்சியோ முறிப்பன்! ஒரு மரமில்லை, மட்டையில்லை, வெக்கமில்லாமல் திறந்துபோட்டுக் கிடக்கு, அதுக்குள்ளை திமிர் வேறை!"

கை நீட்டிக் காட்டிய இடத்தைப் பார்த்தேன். கடல் வற்றிப் போனபோது பாசியும் சிப்பியும் ஒதுக்கி விட்டுப்போன ஒரு கோடு. கரை நெடுக, கண்ணுக்கு எட்டும் வரைக்கும் வளைந்து போனது. பதினெட்டு வருடம் அந்தக் கோட்டின் மேல் நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு பாறையைப் பார்த்தேன். அதில் பாசி நிற்கும் உயரம் ஒரு கோடு. மலையில் பனி வந்து நின்ற இடம் ஒரு கோடு. அந்த நிலம் முழுக்கத் தன்பாட்டில் வேலி அடைத்து வைத்திருந்தது. கமராவைத் தூக்கினேன். அம்மாவை "வாயை மூடுங்கோ" என்று சொல்லவில்லை. பொத்தானை அமத்தினேன்.

"அப்பா, அப்பம்மா ஆரோடை சண்டை பிடிக்கிறா?" என்று மகள் கேட்டாள்.

"கடலோடை."

"ஆர் வெல்லுறது?"

நாயோடு போன ஒரு மீன்பிடிக் கிழவர் நின்று அம்மாவை முழுக்கக் கேட்டார். ஒரு சொல் விளங்கியிராது. தொப்பியைத் தொட்டு, "சரியாகத்தான் சொல்லுகிறா," என்று தன்னுடைய மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

5

அதற்குப் பிறகு நான் கலியாணம் எடுப்பதைக் குறைத்துவிட்டேன். வேலை முடிய, கமராவோடு கரைக்குப் போனேன். இந்த நிலம் அழகாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டேன். அழகைத் தேடித்தான் இத்தனை வருடமும் பாழாய்ப் போனது. எது எதுவரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தேன். பனி ஒரு புல்லை எட்டிப் பிடிக்காமல் விட்ட இடம். கடல் இரண்டு நாளில் முழங்கால் உயரம் கூட்டிக்கொண்ட மணல். ஒரு நீர்வேலிக்காரன்தான் இதைப் படம் எடுக்க முடியும் என்று முதல்முறையாக எனக்கு ஒரு தலைக்கனம் வந்தது. அது எனக்கு நன்றாக இருந்தது.

நான் இருக்கும் ஊர் நூலகத்தில் என் படம் இருபதைக் கண்காட்சியாக வைத்தார்கள். முதல் படம் அம்மா. கலாசாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்து, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்து, எல்லைகள் எல்லாம் போரைப் பற்றியவையா என்று கேட்டாள்.

"இல்லை. அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரியையும் பற்றியவை. ஒரு சாண் காணி."

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டுப் பிரசுரத்தில் போர் என்றே எழுதினாள். நான் சண்டைக்குப் போனேன். அடுத்த வருடம் உதவித்தொகைக்குப் போட்ட என் விண்ணப்பம் எந்தப் பிரிவுக்கும் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. எங்களைப் பார்த்தால் அவர்களுக்குப் போரைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரியவும் விருப்பமில்லை.

6

ஆண்டுத் திவசத்துக்குச் சட்டம் போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஊருக்குப் போனேன். மகள் வரவில்லை, பரீட்சை என்றாள். நான் புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னாள், தமிழிலேயே சொன்னாள்: "அப்பம்மா கோவமா நிக்கிற படத்தை மாட்டுங்கோ."

வீட்டு விறாந்தையில் அருவிக்காரி ஆளுயரத்தில் தொங்கினார். சுற்றிவர மின்குமிழ் மாலை, சிவப்பும் பச்சையுமாக மினுங்கியது. நான் என் படத்தைப் பிரிக்கத் தொடங்கினேன்.

"உதை உள்ளுக்கை வை," என்றார் அண்ணை. "ஐயர் வரப்போறார்."

"அம்மாவின்ரை திவசத்துக்கு அம்மா வேண்டாமே?"

"விசர்க்கதை கதையாதை. நாங்கள் இஞ்சை சனத்துக்கை இருக்கிறம்."

"உங்கடை சனத்துக்கு அம்மாவின்ரை வாய் தெரியாதே? ஊரெல்லாம் கேட்ட வாய்தானே!"

அண்ணை கையில் இருந்த தர்ப்பையைக் கீழே போட்டார். அவருக்கு அப்படிக் குரல் எழும்பி நான் கேட்டதில்லை.

"நீ படத்திலை கேட்டனி. நான் காதாலை கேட்டனான். கடைசி ஒரு வருசம் படுக்கையிலை கிடந்து, கழுவித் துடைச்ச என்னையும் என்ரை மனிசியையும் அவ ஏசின ஏச்சு உனக்குத் தெரியுமே? சாகிற அண்டும் ஏசினவ. எனக்கு அந்த வாயை ஒருக்கா மூடிப் பாக்கவேணும் போலை இருந்தது. மூடினன். அதுக்கு இப்ப என்ன?"

நான் பதினைந்து நிமிட நேரலைக்காரன். சட்டத்தை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். மாமியின் வளவைத் தொட்ட கிழக்குப் பக்கம் போனவன் திகைத்துப்போய் நின்றேன். வேலி இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளை அடித்த மதில். அண்ணை போனில் ஒரு சொல் சொல்லவில்லை.

7

வீட்டு முன் ஒழுங்கைக்கு வந்தேன். பராசத்தி மாமி தன்னுடைய வளவு வாசலில் படலையைப் பிடித்தபடி நின்றார். கூன் விழுந்துவிட்டது. திவசத்துக்கு அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஆர், சின்னவனே? கையிலை என்ன?"

"அம்மா."

சட்டத்தை வாங்கி, எட்ட வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார்.

"பாரன் அவளை. இப்பவும் என்னைத்தான் பேசுறாள்."

"கடலை மாமி. நோர்வேயிலை எடுத்தது."

"கடலோ மண்ணாங்கட்டியோ. எனக்குத் தெரியாத கையே உது? கதியாலைக் காட்டுற கை." சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். "கல்வெட்டு எண்டு ஒண்டு கொண்டந்து தந்தினம். ஆரோ ஒரு மனிசி இருந்தாள். பேர் மட்டும் கொம்மான்ரை போட்டுக் கிடந்தது. நான் கும்பிடேல்லை."

மதிலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

"கொண்ணன் செய்த வேலையைப் பாத்தியே? முப்பத்தொண்டு அந்தியேட்டி முடிஞ்ச கையோடை மேசனைக் கொண்டந்தான். கரைச்சல் வேண்டாம் மாமி, அந்தச் சாண் நிலத்தை நீங்களே வைச்சிருங்கோ எண்டு தன்ரை பக்கமே உள்ளுக்கை தள்ளி அத்திவாரம் வெட்டினான். கொம்மா இருந்தால் விட்டிருப்பாளே? என்ரை குடலை எடுத்து மாலையாய்ப் போட்டிருப்பாள்! மதிலோடை நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது, சொல்லு பாப்பம்?"

அழுதார். ஏசிக்கொண்டே அழுதார். அம்மா செத்தபோது வராத அழுகை அந்தப் படலையடியில், அம்மாவின் எதிரிக்கு முன்னால் வந்து தொலைத்தது.

"அவளை இஞ்சை தா," என்றார் மாமி. "உங்கை அவளுக்கு இடமில்லை எண்டால் இஞ்சை இருக்கட்டும்."

கொடுத்துவிட்டேன்.

8

திரும்பி வந்து நாற்பது நாள் ஆகிறது. அண்ணை என்னோடு கதைப்பதில்லை. ஒரே ஒரு குரல் பதிவு வந்தது. பெத்த தாயைக் கொண்டுபோய் எதிரி வீட்டில் கட்டித் தொங்கவிட்டவனோடு தனக்கு இனி உறவில்லை, படத்தைத் திருப்பி வாங்கித் தந்தால் மட்டும் கதைக்கலாம் என்று. சனம் சிரிக்கிறதாம். இந்த முறை சனம் உண்மையிலேயே சிரித்திருக்கும்.

மகளிடம் சொன்னேன். படம் மாட்டிய இடத்தின் படம் வேண்டும் என்றாள். மாமியின் பேத்தி எடுத்து அனுப்பினாள். மதிலைப் பார்த்த யன்னலுக்கு எதிர்ச் சுவரில், குமிழ் மாலை எதுவும் இல்லாமல், வாய் திறந்தபடி அம்மா. மகள் இதயம் அனுப்பவில்லை. "இது அப்பம்மா," என்று பிழை இல்லாமல் தமிழில் எழுதினாள்.

நேற்று நான் கரையில் நின்றபோது மாமியின் குரல் பதிவு வந்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை, காருக்குள் ஏறிக் கேட்டேன். இரண்டாவது முறையும் கேட்டேன். பிறகு அண்ணையின் பதிவுக்குப் பதிலாக அதையே அவருக்கு அனுப்பினேன், என்னுடைய சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. மாமி சொன்னது இவ்வளவுதான்:

"மோனை, கொண்ணன் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினவன். தரமாட்டன் எண்டு சொல்லு. இன்னுமொண்டும் சொல்லு. அவன் எனக்கெண்டு விட்ட அந்த ஒரு சாணிலை நான் ஒரு கீரைப்பாத்தி கூடப் போடேல்லை, போடவும் மாட்டன். ஆளில்லாத சண்டையிலை வெண்டு எனக்கென்ன? அது அவளின்ரை காணி. காலமை எழும்பி நான் அவளுக்கு முகத்துக்கு நேரை சொல்லுறனான், எடி, உது உன்ரைதான், இனியாவது வாயை மூடு எண்டு. மூடுறாள் இல்லை."